பிரட்டில் சொல்லாத சேதி

இலங்கை மலையகத் தோட்டங்களில் காலைக் கூட்டத்துக்குப் பிரட்டு என்று பெயர். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துப் பேச்சில் பெரட்டு. விடியுமுன்னே தப்பு அடித்து ஆட்களை எழுப்புவார்கள். பிற்காலத்தில் ஸ்டோரில் சங்கு ஊதியது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கூடை, முள்ளு, கவ்வாத்துக் கத்தி என்று அவரவர் சாமானோடு ஆணும் பெண்ணும் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை தலை எண்ணுவார். எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து, எங்கே புல்லுவெட்டு என்று வெளிக்கள மேற்பார்வையாளரான கண்டாக்கையா பிரித்துவிடுவார். தோட்ட மேலாளரான துரைக்கு அடுத்தவரான சின்னதுரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார். பிந்தி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை.

ஒரு நிர்வாகம் தன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே இடத்தில், நாள் தவறாமல், முகத்துக்கு முகம் பார்க்கிற ஏற்பாடு வேறெந்தத் தொழிலிலும் இவ்வளவு காலம் நீடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தோட்டம் கைமாறியது, சம்பளம் குறைந்தது, வெள்ளைக்காரக் கம்பனி போய் அரசாங்கம் வந்தது, அரசாங்கம் போய்ப் புதுக் கம்பனி வந்தது என்று எந்தப் பெரிய சேதியையும் அந்தக் களத்தில் முதலில் சொன்ன வழக்கம் கிடையாது. நான் தோட்ட ஆபிஸில் இளைய கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன். அப்பா கணக்கப்பிள்ளை; அவருடைய அப்பா சில்லறைக் கங்காணி. சேதி எந்த வழியாக இறங்கியது, எந்தப் படியில் நின்றுபோனது என்று பார்ப்பதற்கு எங்கள் குடும்பம் நின்ற இடம் தோதான இடம்தான்.

தாத்தா காலத்தில் எல்லாம் கங்காணி வாய்வழி. கோப்பிக் காலத்திலிருந்தே அப்படி. திருச்சி, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, மன்னாரில் இறக்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடத்திக் கூட்டி வந்தவர் கங்காணி. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை மலையாகக் கோப்பி செத்து அங்கெல்லாம் தேயிலை ஏறியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இத்தனைக்கும் கங்காணியின் இடம் அசையவில்லை. துரை சொன்னதைப் பெரிய கங்காணி கேட்பார். பெரிய கங்காணி சொன்னதைச் சில்லறைக் கங்காணி கேட்பார். அவர் சொன்னதுதான் லயத்துக்கு. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அதைப் பென்ஸ் காசு என்பார்கள். ஆளைக் கையில் வைத்திருப்பதுதான் அவருடைய முதல். தெரிந்ததை எல்லாம் ஆளுக்குச் சொல்லிவிட்டால் அந்த முதல் கரைந்துபோகும்.

துண்டு முறையை இதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கே உள்ள துரை கூடுதலாகப் பணம் கொடுத்து ஆட்களோடு சேர்த்து எடுத்துக்கொள்வார். கடன் ஏறிக்கொண்டே போகும். தொகை எவ்வளவு, தன் தலைமேல் அதில் எவ்வளவு என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரியாது. "சாமானைக் கட்டு" என்று ஒரு நாள் சொல்வார்கள், அதுதான் அறிவிப்பு. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். வாய்வழி அதோடு ஒழியவில்லை.

துரைமாருக்குத் தமிழ் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கும் சின்னதுரை தமிழ் படித்தாக வேண்டும். அதற்கென்றே கொழும்பில் பெர்குசன் அச்சகத்தார் 'இங்கே வா' என்ற பெயரில் சட்டைப்பைக்கு அடங்கும் புத்தகம் போட்டிருந்தார்கள். நான் புரட்டிய வரைக்கும் அதில் ஏவல்தான் நிறைய. வேலை வாங்க அது போதும்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டு வருஷம் கழித்து நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று கூலி தீர்ந்தது. தோட்டத் தொழிலாளிக்கு இவ்வளவு தந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொன்னது அதுவே முதல் தடவை. உலகப் பெருமந்தம் வந்து தேயிலை விலை சரிந்ததும் அந்தக் கூலியையும் குறைத்தார்கள். லண்டன் சந்தையில் என்ன நடக்கிறது, கூலி ஏன் குறைகிறது, எதுவரைக்கும் குறையும் என்று யாரும் களத்தில் நின்று சொல்லவில்லை. சம்பள நாளில் கையில் விழுந்த காசை எண்ணித்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த மௌனத்துக்குள் புகுந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், பத்திரிகைக்காரர். முதலில் வந்தபோது தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைப்பதே அத்துமீறல் குற்றம். புடைவை விற்கும் வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் லயங்களைப் பார்த்தார் என்பது மலையகத்தில் எல்லாரும் அறிந்த கதை. பின்னால் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டினார். ஆனால் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் எத்தனை பேர்? அந்தக் குறையை நிரப்பியவர் அவர் மனைவி மீனாட்சியம்மை. கூட்டம் தொடங்குமுன் சனங்களுக்குப் பழகிய மெட்டில் அவர் பாடுவார். சட்டம் என்ன சொல்கிறது, துரை என்ன செய்கிறான் என்பதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். கேட்டுவிட்டுப் போன பெண்கள் மறுநாள் கொழுந்து மலையில் அதைத் திருப்பிப் பாடினால் எந்தக் கண்டாக்கையா தடுப்பது? என் கணிப்பில், தோட்டத் தொழிலாளிக்கு அவள் நிலைமையை அவள் பாஷையிலேயே எடுத்துச் சொன்ன முதல் ஏற்பாடு அதுதான். அதை நிர்வாகம் செய்யவில்லை. நிர்வாகத்துக்கு ஆகாதவர்கள் செய்தார்கள்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். அந்த வருஷம் ஜூலையில் தோட்டச் சொந்தக்காரர் தரப்பும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்பாடு ஒன்று செய்துகொண்டன. சங்கம் வைக்கும் உரிமை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர் என்று ஓர் ஆள் முளைத்தார். கிழமையில் ஒரு நாள் அவர் ஆபிஸ் வாசலுக்கு வருவார். துரை உட்கார்ந்து குறை கேட்பார். இதற்கு லேபர் டே என்று பெயர். மே தினத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்காம்பராவில் பால்மா இல்லை, அரை நாள் கூலிக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். நான் பக்கத்தில் குறிப்பெழுதி இருக்கிறேன். கீழிருந்து மேலே சேதி போக ஒரு வழி கிடைத்தது என்னவோ உண்மைதான். மேலிருந்து இறங்கும் வழி மட்டும் பழையபடியே.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் அது எவ்வளவு மோசம் என்று கண்ணால் பார்த்தேன். 1971 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சிக்குப் பிறகு, 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியாள் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் உள்நாட்டுச் சொந்தக்காரர்களின் தோட்டங்கள் போயின. கம்பனித் தோட்டங்களை அந்தச் சட்டம் அப்போது தொடவில்லை. எங்கள் துரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களுக்கு அந்தச் சட்டம் தெரிய வந்தது றோட்டில். 1973, 74 பஞ்சத்தில் மா இல்லை, வேலை நாளும் இல்லை. கைமாறிய தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் மூட்டையோடு நடந்து வந்தன. நுவரெலியா, அட்டன், கண்டிக் கடைத்தெருக்களில் தோட்டத்துச் சனம் கையேந்தி நின்றது. அவர்களில் சிலர் எங்கள் லயங்களுக்கு உறவு தேடி வந்தார்கள். "தோட்டம் அரசாங்கத்துக்குப் போனா இதுதான்" என்று அவர்கள் சொன்னதை எதிர்த்துச் சொல்ல ஆபிஸில் எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

1975 அக்டோபரில் சட்டத்தைத் திருத்திக் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே ஆபிஸுக்குக் காற்று வந்துவிட்டது. கம்பனிக்காகத் தோட்டத்தைக் கவனித்த கொழும்பு ஏஜென்சி ஹவுஸிலிருந்து தடித்த உறைகள் வந்தன. துரை தாமே பிரித்துத் தாமே பூட்டி வைத்தார். பிறகு சாமான் கணக்கு எடுக்கச் சொன்னார். லொறி, ஸ்டோரில் உள்ள ரோலர், உரமூட்டை, மாட்டுப்பட்டி, பங்களாவில் கரண்டி எத்தனை, திரைச்சீலை எத்தனை என்று நாள்கணக்கில் எழுதினோம். உத்தியோகத்தர் சங்கத்தின் சுற்றறிக்கை எங்களுக்கு வந்தது. ஆகவே எங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று ஓரளவு தெரியும். லயத்தில் மூன்று கதை ஓடியது. எல்லாரையும் கப்பலேற்றி விடுவார்கள் என்றது ஒன்று. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகக் கையெழுத்தாகி, பக்கத்துக் காம்பராவில் பயணம் சொல்லிக்கொண்டிருந்த காலம், யார் நம்பமாட்டார்கள்? காம்பராக்களைக் கீழ்நாட்டு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றது இன்னொன்று. சேமலாப நிதிக் காசைத் துரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார் என்பது மூன்றாவது. மூன்றையும் டோபியும் பாபரும் லொறி டிரைவரும் ஒரு கிழமைக்குள் ஆறு லயத்துக்கும் கொண்டு சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள்தான் அங்கே இருந்த தபால் இலாகா.

கைமாறிய அன்றைக்கும் பிரட்டு நடந்தது. எந்த மலையில் கொழுந்து என்று சொன்னார்கள். துரை ஸ்டாஃப்புக்கு ஒரு தேநீர் விருந்து வைத்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான், பங்களா அப்புவுக்கு வானொலிப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனவர். களத்துக்குப் போய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது அவர் படித்த தொழிலில் இல்லை.

சில நாள் கழித்து, ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் புத்தகம் புதிதாக வந்தது. அதன் அட்டையைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்ட ஓர் அம்மாயி, கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே வந்தார்.

"கிளாக்கையா, பொஸ்தகம் புதுசா இருக்கே. எம்பேரு இருக்கா?"

"இருக்கு அம்மாயி."

"வாசிங்க, கேக்குறேன்."

பேரை வாசித்தேன். இலக்கத்தையும் வாசித்தேன். "மகன் பேரு?" அதையும் வாசித்தேன். அடுத்த நாள் சன்னலில் வரிசை நின்றது. பெரிய கிளாக்கருக்கு எரிச்சல். வேலை கெடுகிறது என்று கத்தினார். பிறகு அவரே தடித்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது புத்தகத்தை எடுத்து வாசிக்க உட்கார்ந்தார். யாரும் எங்களிடம் அரசாங்கம் ஏன் தோட்டத்தை எடுத்தது என்று கேட்கவில்லை. தேசியமயத்தைப் பற்றிக் கொழும்பில் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. லயத்துக்கு வேண்டியது செக்ரோலில் ஒரு வரி.

அதற்குப் பிந்திய இரண்டு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். ஜனவசம, உசவசம என்ற அரச அமைப்புகளின் பெயருக்குப் பலகைகள் மாறின. சுற்றறிக்கைகள் சிங்களத்தில் வந்தன. தபால்காரரோ பொலிஸ்காரரோ வாசித்துச் சொன்னால்தான் எங்களுக்கே புரியும். 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சனம் திரண்டது. டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். நிலத்தை அளக்க ஆள் வந்து நின்றபோதுதான் காணி போகிறது என்பதே பலருக்கும் தெரிந்தது. கூட்டிவைத்துப் பேசியிருந்தால் சம்மதித்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சம்மதிக்கக் கூடிய காரியம் அல்ல அது.

பிறகு தோட்டங்கள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டின் கீழ் அடங்கின. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. 1992 ஜூன் மாதம் 449 தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளுக்குக் கைமாறியது. இம்முறை சேதி கொழும்பிலிருந்து சங்கங்கள் வழியாக வந்தது. மலையகத்தின் பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர் தொண்டமானே அமைச்சரவையிலும் இருந்தார். ஆகவே பேச்சுவார்த்தை மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து சேதி வருகிறது என்பதே குழப்பம். வீரகேசரிப் பத்திரிகையில் வந்ததைத் தோட்டத் தலைவர் மாரியம்மன் கோயில் வாசலில் உரக்க வாசித்தார். "கம்பனி வருது" என்றதும் கிழடுகளுக்கு வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்ற நினைப்பு. சிலருக்கு அதில் சந்தோஷம்கூட.

கேள்விகள் 1975இல் கேட்டவைதான். பேர் இருக்குமா, காம்பரா இருக்குமா, சேமலாப நிதி யார் கட்டுவது, இருபத்தைந்து வருஷ வேலைக்குச் சேவைக்காலப் பணம் பழைய ஆள் தருவானா புது ஆள் தருவானா. இருந்த மனேஜர், "மேலிடத்திலிருந்து கடிதம் வரும்" என்றார். அவரும் பாவம், அவருடைய வேலைக்கே கடிதம் வரவில்லை.

ஆனால் இந்த முறை ஒன்று வேறு மாதிரி நடந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன். புதுக் கம்பனி அனுப்பிய மனேஜர் இளவயதுச் சிங்களப் பையன். வந்த இரண்டாம் நாளே பிரட்டுக்குப் போனார். கண்டாக்கையா வேலை பிரிக்குமுன் நிறுத்தச் சொன்னார். தலைவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, எனக்குத் தமிழ் போதாது, இவர் சொல்வார், நான் சொன்னதை இவர் மாற்றிச் சொன்னால் கிளாக்கர் திருத்துவார் என்றார். களம் சிரித்தது. பிறகு மாறாதவற்றை முதலில் சொன்னார். பேர் அப்படியே, இலக்கம் அப்படியே, காம்பரா அப்படியே, வேலைக்காலம் தொடர்ச்சி. அதற்குப் பின்னால் மாறப் போவதைச் சொன்னார்: கொழுந்து எடுக்கும் சுற்று நெருங்கும், ஸ்டோரில் ஆள் குறைப்பு வரலாம். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "கெழமைக்கு எத்தனை நாள் வேலை தருவீங்க, தொரை?"

"எனக்கு இன்னும் தெரியாது. சனிக்கிழமை லேபர் டேயில் சொல்கிறேன்" என்றார்.

சனிக்கிழமை சொன்னார். சொன்னது நல்ல சேதி அல்ல. மழை மாதங்களில் வேலை நாள் குறையும் என்பதுதான். அடுத்த பிரட்டில் கூச்சல் இருந்தது, சாபம் இருந்தது. ஆனால் அந்த வருஷம் டோபிக்கும் பாபருக்கும் கொண்டுபோகக் கதை அதிகம் கிடைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷ வேலை. நூறு வருஷமாக ஏன் ஒருத்தரும் செய்யவில்லை என்று பெரிய கிளாக்கர் மேசையில் இருந்து நான் யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே விடை, களத்தில் நின்று பேசினால் களத்திலிருந்து கேள்வி வரும். "தெரியாது" என்று துரை சொல்ல வேண்டி வரும். அந்த வார்த்தையைச் சொன்ன துரையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இரண்டொரு வருஷத்தில் அவரை மாற்றிவிட்டார்கள். 1995க்குப் பிறகு கம்பனிப் பங்குகளை விற்றபோது நூற்றுக்குப் பத்துப் பங்கை ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அது சின்ன விஷயம் அல்ல. லயத்துக்காரன் தோட்டத்தில் சொந்தக்காரனாகிறான். எங்களுக்கு அது காகிதமாக வந்தது, ஆங்கிலத்தில். சம்பள நாளில் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். இது என்ன, வைத்திருந்தால் என்ன வரும், விற்றால் என்ன போகும் என்று விளக்க எந்த ஏற்பாடும் இல்லை. எனக்குத் தெரிந்ததை மேசைக்கு வந்தவர்களுக்குச் சொன்னேன், வராதவர்களே அதிகம். சிலர் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்கள். டவுனிலிருந்து வந்த தரகர்கள் லயம் லயமாகப் போய்க் கிடைத்த விலைக்கு வாங்கினார்கள். தமிழில் நன்றாகப் பேசினார்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள்.

நான் ஓய்வு பெற்ற பின்னால் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. இரண்டு வருஷத்துக்கொரு முறை கம்பனிகளும் சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் அதோடு நின்றது. ஆயிரம் ரூபாய் சேதி அன்றைக்கே எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஒப்பந்தம் நின்றால் அதில் இருந்த மற்றச் சலுகைகள் என்னாகும் என்று என்னிடம் கேட்க வீட்டுக்கு வந்தார்கள். பல தோட்டங்களில் நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தைக் கூட்டிவிட்டார்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். என் மருமகளிடம் உங்கள் தோட்டத்தில் எத்தனை கிலோ என்றேன். இருபது என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, நிறுக்கிற இடத்தில் பதினெட்டுக்கு அரைப்பேர் போட்டார்கள், அதில் தெரிந்துகொண்டோம் என்றாள்.